கொழும்பு பிளற்றை வன்னியிலிருந்து விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். உறுதி (சொத்துப் பத்திரம்) எழுதுவிக்க வருகிறவர்களில் ஒரு வகையினர் அண்மைக்காலமாகக் கூடியிருக்கிறார்கள். சண்டைக் காலத்தில் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ ஓர் அறையுடன் ஒரு பிளற் (தொடர்மாடி வீடு) வாங்கியவர்கள். இப்போது பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், அல்லது வெளிநாடு போய்விட்டார்கள். பிளற்றை விற்றுக் கிளிநொச்சி வீட்டுக்கு மேல்தளம் போட வேண்டும், மகளின் கலியாணத்தைப் பார்க்க வேண்டும். செலவழித்துத் திருத்தியும் ஆயிற்று, விளம்பரமும் போட்டாயிற்று, ஆனால் விலைபோகவில்லை. அவர்கள் கேட்பதை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். சட்டம் வருகிற இடங்களில் உறுதி எழுதும் உங்கள் நொத்தாரிசிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

"எல்லாம் புதுசாத் திருத்தி வச்சிருக்கிறன். ஏன் ஒருத்தரும் வாங்க வருகினமில்லை?"

ஓர் அறை வீட்டை வாங்குகிறவர்களே குறைவு. புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள், தனியாக வேலை பார்க்கிறவர்கள், கம்பஸ் போகிற பிள்ளைக்கு இடம் தேடும் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து வந்துபோக ஓர் இடம் வேண்டும் என்கிறவர்கள் - இவ்வளவுதான். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம் உங்கள் ரைல்ஸ் எவ்வளவு மினுங்கினாலும் எட்டிப் பார்க்காது. 2022 நெருக்கடியில் வட்டி எகிறியபோது கடனுக்கு வாங்க இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். வட்டி பிறகு இறங்கினாலும், சம்பளத்தில் மாதத் தவணைக்கு மிஞ்சுவது முன்னைய மாதிரி இல்லை. பக்கத்திலேயே லிஃப்ற், ஜெனரேற்றர், கார் தரிப்பிடத்தோடு புதிய கட்டடங்களும் எழும்பி நிற்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையில் முழுக் காசோடு வருகிறவர் அரிது. வருகிறவர் அநேகமாக வங்கிக் கடனை நம்பி வருகிறார். ஆகவே உங்கள் பிளற்றை உண்மையில் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்த வங்கியின் சட்டத்தரணி. அவர் பாத்ரூமைப் பார்ப்பதில்லை, பத்திரத்தைத்தான் பார்ப்பார். இந்தப் பக்கத்தில் பத்திரக் கதை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

"விலையை எப்பிடித் தீர்மானிக்கிறது? இக்மன்ல பாத்துப் போட்டால் சரிதானே?"

இக்மன் விளம்பரத் தளத்தில் இருப்பது கேட்கிற விலை. விற்ற விலை அல்ல. மாதக்கணக்காக அப்படியே கிடக்கும் விளம்பரத்தைப் பார்த்து விலை போட்டால் உங்களுடையதும் அதற்குப் பக்கத்தில் கிடக்கும். உங்கள் கட்டடத்திலோ ஒழுங்கையிலோ கடைசியாகக் கைமாறிய பிளற் என்ன விலைக்குப் போனது என்று முகாமைக் குழுவில் கேளுங்கள். அப்புறம் ஒரு பட்டய மதிப்பீட்டாளரைக் கொண்டு மதிப்பீட்டு அறிக்கை எடுங்கள். அதில் சந்தைப் பெறுமதி, அவசர விற்பனைப் பெறுமதி என்று இரண்டு தொகை இருக்கும். வாங்குபவரின் வங்கியும் இதே மாதிரி ஓர் அறிக்கை எடுத்து, அதில் ஒரு பங்கைத்தான் கடனாகக் கொடுக்கும். நீங்கள் கேட்கும் விலை அந்த மதிப்பீட்டிலிருந்து எவ்வளவு மேலே போகிறதோ, அவ்வளவையும் அவர் கையிலிருந்து போட வேண்டும். பேச்சு முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சதுர அடியை வரைபடத்தில் இருக்கிறபடி சொல்லுங்கள். பொது நடைபாதையையும் சேர்த்து 600 என்று விளம்பரம் போட்டு, அளந்தால் 520 வருகிறது என்றால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

"திருத்தினதுக்கு 18 இலட்சம் போட்டது. அதை அப்பிடியே விலையில கூட்டலாம்தானே?"

கூட்டிக் கேட்கலாம், கிடைக்காது. தண்ணீர்க் கசிவை நிறுத்தியது, பழைய வயரிங்கை மாற்றி ட்ரிப் சுவிட்ச் போட்டது, பாத்ரூமைப் புதுப்பித்தது ஆகியவற்றுக்குப் பெறுமதி உண்டு. அவை இல்லையென்றால் வாங்குபவர் விலையைக் குறைத்திருப்பார். ஹோலுக்கு அடித்த அலங்கார சீலிங், ஊதா நிறச் சுவர், சுவர் நிறைய அடித்த கபேட் எல்லாம் உங்கள் விருப்பம். அவருக்கு அவை கழற்ற வேண்டிய சாமான்கள்.

அவசரத் திருத்தத்தைப் பார்க்கத் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். பழைய ரைல்ஸைக் கிளப்பாமல் அதன் மேலேயே புதியதை ஒட்டினால் நிலம் உயரும். கதவின் அடி சீவப்பட்டிருக்கும். பாத்ரூமுக்கும் அறைக்கும் இடையில் இருந்த படி மறைந்து, குளித்த தண்ணீர் கட்டிலடிக்கு வரும். கடற்கரையோர மரைன் டிரைவ் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. புது பெயின்ற்றைப் பார்க்கும் முன் ஜன்னல் கம்பியின் பிணைச்சலையும் ஏசியின் வெளிப்பெட்டியையும் பார்ப்பார்கள். துரு அங்கேதான் முதலில் தெரியும்.

செலவுக் கணக்கு வீணில்லை, பில்களை எறிந்துவிடாதீர்கள். வரிக் கேள்வியில் அவை தேவைப்படும்.

"அப்ப இன்னும் கொஞ்சம் செலவழிச்சு வடிவாக்கட்டோ?"

வேண்டாம். கசிவு இருந்தால் அதை மட்டும் பாருங்கள். பூட்டியே கிடக்கும் பிளற்றில் பாத்ரூம் தரைக்குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும். அதன் வழியே கழிவு நாற்றமும் கரப்பானும் மேலே வரும். யாராவது பார்க்க வருவதற்கு முதல் நாள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை.

"நான் மாங்குளத்தில, பிளற் வெள்ளவத்தையில. ஒவ்வொருத்தர் கேக்கேக்கையும் ஓடேலுமே?"

ஓடத் தேவையில்லை. திறப்பை நம்பிக்கையான அயலவரிடமோ உறவினரிடமோ கொடுத்து வையுங்கள். பார்க்க விரும்புகிறவர்களை ஒரு சனி, ஞாயிறுக்குச் சேர்த்துக் கூப்பிட்டால், வெள்ளி இரவு பஸ்ஸில் போய் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். ஒருவர் பார்த்துவிட்டு இறங்கும்போது அடுத்தவர் ஏறி வருவதும் நல்லதுதான், பேரம் கொஞ்சம் மரியாதையாக நடக்கும்.

"புரோக்கரிட்டக் குடுக்கிறதோ, நாங்களே விக்கிறதோ?"

தூரத்தில் இருப்பவருக்குப் புரோக்கர் உதவிதான். 3 வீதம் வரை கொமிசன் கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம். ஆனால் ஐந்து பேரிடம் கொடுக்காதீர்கள். ஒரே பிளற் ஐந்து விலையில் ஐந்து விளம்பரமாக வந்தால், பார்க்கிறவர் "ஏதோ பிரச்சினை உள்ள வீடு" என்றுதான் நினைப்பார். ஞாயிறு வீரகேசரியில் ஒரு சிறு விளம்பரத்தையும் போட்டுப் பாருங்கள். தமிழ் அயலுக்குள் வீடு தேடும் வயதானவர்கள் இன்னும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

"எந்த மாதம் நல்லது? ஆடி கழியட்டும் எண்டு மனுசி சொல்லுறா."

மனைவி சொல்வதில் பிழையில்லை. எங்கள் ஆட்கள் ஆடியில் உறுதி முடிக்கத் தயங்குவார்கள். பள்ளிக்கூடத்துக்காக இடம் மாறுகிறவர்கள் வருட முடிவை ஒட்டித் தேடுவார்கள். காலபோக அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில் வன்னியிலிருந்தே வாங்க வருகிறவர்களும் உண்டு. ஆனால் விளம்பரத்தை ஆடியில் நிறுத்த வேண்டாம், பத்திர வேலையை அந்த மாதத்தில் முடியுங்கள்.

"என்னென்ன பத்திரம் வேணும்? உறுதி கையில இருக்கு, காணாதோ?"

காணாது. உறுதியோடு, பதிவு செய்யப்பட்ட கூட்டாதன வரைபடம் (கட்டடத்தின் ஒவ்வொரு பிளற்றையும் தனித்தனியாகக் காட்டுவது), மாநகர சபை கொடுத்த கட்டட இணக்கச் சான்றிதழ் (சி.ஓ.சி. என்று கேட்பார்கள்), காணிப் பதிவகத்தில் எடுத்த பத்திர இதழ்ப் பிரதி (சொத்தின் பதிவு விபரம்), மாநகர சபையின் உரித்துச் சான்றிதழ், சோலைவரி (மாநகர சபைக்குக் கட்டும் வீட்டு வரி) கட்டிய பற்றுச்சீட்டு, முகாமைக் கூட்டுத்தாபனத்தின் (கட்டடத்தை நிர்வகிக்கும் உரிமையாளர் அமைப்பு) நிலுவையில்லாக் கடிதம் என்று வங்கி கேட்கும். இவற்றை வாங்குபவர் கிடைத்த பிறகு தேடத் தொடங்காதீர்கள். இந்தச் சந்தையில் ஆறு வாரம் காத்திருக்கும் வாங்குபவர் அதற்குள் இன்னொரு பிளற்றைப் பார்த்துவிடுவார். முழுப் பத்திரக் கோவையின் பிரதியை முதல் சந்திப்பிலேயே கையில் கொடுக்கிறவருக்கு, அதே ஒழுங்கையில் மலிவாகக் கேட்பவரை விட முந்தி விற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

"எங்கட பில்டிங்குக்கு அந்த வரைபடமே பதியேல்லை எண்டுகினம். என்ன செய்யிறது?"

வெள்ளவத்தைப் பக்கம் இது புதுக்கதை அல்ல. ஐந்து மாடிக்கு அனுமதி எடுத்து ஆறாவதையும் கட்டியவர்கள், சான்றிதழ் எடுக்காமலே விற்றுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி, கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பிறகுதான் ஒவ்வொரு பிளற்றும் தனித்தனி ஆதனமாகிறது. பதியாவிட்டால் உங்கள் கையில் இருப்பது நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்குக்கான உறுதியாகவோ, வெறும் உடன்படிக்கையாகவோ இருக்கும். அதை ஈடாக வைத்துக் கடன் கொடுக்க வங்கி முன்வராது. ஆகவே கடனில் வாங்குகிற அத்தனை பேரும் உங்களுக்கு இல்லை.

முதலில் கட்டடத்தில் உள்ள மற்ற உரிமையாளர்களைச் சேர்த்துக்கொண்டு, கட்டியவர் இன்னும் இருக்கிறாரா என்று தேடுங்கள். கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையில் ஆலோசனை கேளுங்கள். அனுமதியில்லாத மாடி இல்லையென்றால், காலதாமதமாக என்றாலும் பதிந்துகொள்ள வழி உண்டு. அதுவரை பொறுக்க முடியாது, காசோடு வருகிறவருக்கே கொடுக்கிறேன் என்றால் உள்ளதை மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். விலை நன்றாகவே குறையும்.

"திருத்தேக்கை நடுச்சுவரை எடுத்து ஹோலைப் பெருசாக்கினனான். அதில பிழை இருக்கோ?"

எந்தச் சுவர் என்பதைப் பொறுத்தது. கட்டடத்தைத் தாங்கும் சுவர், தூண், வெளிச்சுவர் ஆகியவற்றில் கைவைக்க நீங்கள் தனியே முடிவெடுக்க முடியாது. பல்கனியை அடைத்து அறையாக்குவதும் அப்படித்தான். உள்ளே தடுப்புச் சுவர் மட்டும் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் மதிப்பீட்டாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். படத்தில் சுவர், எதிரே வெளி என்றால் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுவார். ஒரு பொறியியலாளரின் கடிதத்தையும் முகாமைக் கூட்டுத்தாபனத்தின் சம்மதத்தையும் இப்போதே எடுத்துக் கோவையில் போட்டு வையுங்கள்.

"பிளற் என்ர பேரில. மனுசியின்ர கையெழுத்து எதுக்கு?"

தேசவழமை வடமாகாணத் தமிழரின் தனிச்சட்டம். நீங்கள் கொழும்பில் சொத்து வாங்கினாலும் அது உங்களோடு கூடவே வரும். கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடிய தேட்டம். உறுதியில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும், மற்றவருக்கும் அதில் உரிமை இருக்கிறதா என்ற கேள்வி வரும். விற்கும் அதிகாரம் கணவனுக்கு இருக்கிறது என்று வாதாடலாம். ஆனால் வங்கிச் சட்டத்தரணியோடு வாதாடி என்ன பயன்? இருவரும் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. மனைவியின் பெயரில் உள்ள அசையாச் சொத்தை அவர் விற்க, கணவனின் எழுத்து மூலச் சம்மதம் தேவை என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கு இது பொருந்துமா என்பது ஆளுக்காள் மாறும். நொத்தாரிசிடம் குடும்ப விபரத்தைச் சொல்லுங்கள்.

"பிளற் என்ர பேரில. அவர் 2009 இல காணாமல் போனவர். நான் ஆரிட்டச் சம்மதம் வாங்கிறது?"

இதைக் கேட்டு வருகிற அக்காமார் வன்னியில் ஒருவர் இருவர் அல்ல. மேலே சொன்ன அதே கட்டளைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கணவன் எங்கே என்று தெரியாத நிலையில், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவரது சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி கேட்கலாம். 2016 இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி காணாமற்போனோருக்கு வழங்கும் சான்றிதழ் உங்களிடம் இருந்தால் மனுவோடு இணைக்கலாம். மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அந்த முடிவை ஒரு பிளற்றுக்காக எடுக்கச் சொல்லி உங்களை நெருக்க யாருக்கும் உரிமை இல்லை.

பிளற் அவருடைய பெயரில் இருந்தால் நிலைமை வேறு. அதை நீதிமன்றத்தின் ஊடாகத்தான் கொண்டுபோக வேண்டும், காலம் எடுக்கும். வாங்குபவரிடம் முற்பணம் வாங்குவதற்கு முன் சட்டத்தரணியைப் பாருங்கள்.

"சித்தப்பா தனக்குத்தான் முதல் உரிமை எண்டு நிக்கிறார்."

தேசவழமையில் உள்ள முன்னுரிமைக் கொள்வனவு வடமாகாணக் காணிகளுக்குத்தான். கொழும்புப் பிளற்றுக்கு அது இல்லை. சித்தப்பா வாங்க விரும்பினால் மற்றவர்கள் மாதிரி விலை சொல்லட்டும்.

"தம்பி கனடாவில. அவனுக்கும் பாதி இருக்கு. வந்துதான் கையெழுத்து வைக்கவேணுமோ?"

வரத் தேவையில்லை. அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ கொன்சுலேற்றிலோ அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செய்ய இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி அத்தாட்சிப்படுத்தி அனுப்பட்டும், இங்கே பதிந்துகொள்ளலாம். "எல்லா அலுவலும்" என்று பொதுவாக எழுதாமல், இந்தப் பிளற்றின் விபரம், விற்கும் அதிகாரம், பணம் பெறும் அதிகாரம் மூன்றையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அத்தோடு போய்விடும். ஆகவே மிகப் பழைய தத்துவம் என்றால் வங்கி கேள்வி கேட்கும்.

"வரி எவ்வளவு வெட்டுவான்?"

முத்திரைத் தீர்வை வாங்குபவருடையது. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 150 இலட்சத்துக்கு 5 இலட்சத்து 99 ஆயிரம். அவர் தன் கணக்கில் இதையும் சேர்த்துத்தான் உங்களிடம் பேரம் பேசுகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

உங்களுக்கு வருவது மூலதன ஆதாய வரி. 2018 ஏப்ரலில் 10 வீதமாகத் தொடங்கியது, 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு 15 வீதம். 2017 செப்டெம்பர் 30 க்கு முன் வாங்கிய பிளற் என்றால், நீங்கள் வாங்கிய விலையை விட்டுவிட்டு, அந்தத் திகதியில் இருந்த சந்தைப் பெறுமதியை அடக்கவிலையாக எடுப்பார்கள். அதற்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். உதாரணத்துக்கு, அன்றைய பெறுமதி 95 இலட்சம், திருத்தம் 18 இலட்சம், விற்றது 150 இலட்சம் என்றால் ஆதாயம் 37 இலட்சம், வரி 5 இலட்சத்து 55 ஆயிரம். திருத்தப் பில் இல்லையென்றால் ஆதாயம் 55 இலட்சமாகி வரி 8 இலட்சத்து 25 ஆயிரமாகும். பில்களை எறியாதீர்கள் என்று முன்பு சொன்னது இதற்குத்தான்.

சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் உரிமையாளராக இருந்து, அதில் இரண்டு வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கிளிநொச்சியில் இருந்துகொண்டு அதை வாடகைக்கு விட்டவருக்கு இது பொருந்தாது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு இந்த விபரத்திரட்டைக் கொடுக்க வருட முடிவு வரை காத்திருக்கவும் முடியாது. உறுதி முடிந்த கையோடு பாருங்கள்.

"உறுதியில விலையைக் குறைச்சு எழுதுவம் எண்டு வாங்கிற ஆள் கேக்கிறார். எனக்கும் லாபம்தானே?"

வேண்டாம். மிச்சக் காசு எழுத்தில் இல்லாமல் கைமாறும், அதில் ஏமாற்றினால் நீங்கள் போய்க் கேட்க ஓர் இடமும் இல்லை. வரி அதிகாரிகள் சந்தைப் பெறுமதியைக் கேட்டால் பதில் சொல்லவேண்டியவரும் நீங்கள்தான்.

"அட்வான்ஸ் தந்து ஒரு துண்டில எழுதி வாங்கினவர். இப்ப ஆளைக் காணேல்லை."

அசையாச் சொத்தை விற்கும் உடன்படிக்கை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். இது 1840 ஆம் ஆண்டுச் சட்டம், அந்த விதி இன்றும் இருக்கிறது. ஆகவே அந்தத் துண்டைக் காட்டி அவர் உங்களை விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, நீங்களும் அவரை வாங்கச் சொல்ல முடியாது. காசைத் திருப்பிக் கொடுப்பது பற்றிய பேச்சு தனி. எழுத்தில் அறிவித்துவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். அடுத்த முறை பத்து வீத முற்பணம், முடிக்கவேண்டிய திகதி, கடன் கிடைக்காவிட்டால் முற்பணத்துக்கு என்ன நடக்கும் என்பதை எல்லாம் உடன்படிக்கையிலேயே எழுதுவியுங்கள். கடைசியாகச் சொன்னதில்தான் சண்டை வருகிறது.

"பிளற் இன்னும் வங்கியில ஈட்டில இருக்கு."

விற்கலாம். வாங்குபவரின் வங்கி உங்கள் வங்கியின் நிலுவையை நேரே கட்டி, ஈட்டை மீட்டு, மிச்சத்தை உங்களுக்குத் தரும். நிலுவைக் கடிதத்தைத் திகதியோடு எடுத்து வையுங்கள்.

"பிரான்ஸ் பாஸ்போட்காரர் ஒருத்தர் கேக்கிறார். அவருக்கு விக்கலாமோ?"

இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் என்றால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே வரும். காணி வாங்க முடியாது. பதிந்த கூட்டாதனத்தில் பிளற் வாங்கலாம், ஆனால் உறுதி எழுதுவதற்கு முன் முழுத்தொகையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். "பாதியை இங்க அண்ணை தருவார்" என்பது சரிவராது.

"ஆள் இருந்தபடியே விக்கலாமோ? வாடகையாவது வரட்டும் எண்டு பாக்கிறன்."

முதலீட்டுக்கு வாங்குபவர் என்றால் நல்ல வாடகைக்காரர் இருப்பது வசதி. குடியிருக்க வாங்குபவருக்கு அது தலையிடி, வெறும் வீடாகத்தான் கேட்பார். விற்றவுடன் குத்தகை தானாக முடிந்துவிடாது என்பதையும் யோசியுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் குறுகிய காலத்துக்கு மட்டும், எழும்பவேண்டிய திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

"கடைசியாக் கேக்கிறன் தம்பி, விலையைக் குறைக்கட்டோ, பொறுத்திருக்கட்டோ?"

ஒருவரும் அழைக்கவில்லை என்றால் விலை பிழை. நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் விலை கிட்டத்தட்டச் சரி. பிளற்றிலோ பத்திரத்திலோ ஏதோ தடுக்கிறது, வந்தவர்களை அழைத்து நேரே கேளுங்கள். எல்லோரும் ஒரே தொகையை ஒட்டிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றால் சந்தை விலை அதுதான். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

குறைப்பதென்றால் ஒரே தடவையில், தெரியக்கூடிய அளவு குறையுங்கள். மாதாமாதம் ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் என்று இறக்கினால், பார்த்துக்கொண்டிருப்பவர் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார். பொறுத்திருப்பதற்கும் செலவு உண்டு. பராமரிப்புக் கட்டணம், சோலைவரி, கடன் இருந்தால் வட்டி, பூட்டிய வீட்டில் பிடிக்கிற பூஞ்சணம், இதெல்லாம் மாதம் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஊரில் போடப்போகும் மேல்தளத்துக்குக் கம்பியும் சீமெந்தும் அதே காலத்தில் எவ்வளவு ஏறும் என்று மேசன்மாரிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டி வரும் தொகை, வாங்குபவர் குறைக்கச் சொல்லும் தொகையைத் தாண்டினால் கொடுத்துவிடுங்கள். தாண்டாவிட்டால், வாடகைக்கு விட்டுவிட்டு வருட முடிவில் திரும்ப விளம்பரம் போடுங்கள்.